கெளுத்தி மீன் பொரித்த குற்றம்

ஹாலிஸ் பெண்ட், மிசிசிப்பி
கிறிஸ்துமஸ் முடிந்த செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் ரொஷெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் உன் கப்பலும் பத்திரமாக இருக்கவேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மீன் ஆலையில் இந்த மாதம் ஓயாத வேலை. பண்டிகை எல்லாம் ஊருக்குத்தான், கெளுத்திக்கு ஏது பண்டிகை, அது பாட்டுக்கு பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கிறது, நாங்களும் நின்ற இடத்தில் நின்று தோலை உரித்துக்கொண்டே இருக்கிறோம். வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது. டாக்டரிடம் போ என்று எழுதுவாய், போனேன், வேலையைக் குறைத்துக்கொள் என்றார், அதைச் சூப்பர்வைசரிடம் யார் போய்ச் சொல்வது, டாக்டரா வருவார். போகட்டும். ஆலை தருகிற மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

தம்பியை ஏன் நடுவில் ஒரு ஆட்டத்தில் காணோம், லூதர் மாமா என்னவோ போலீஸ் கேஸ் மாதிரி எழுதியிருக்கிறாரே என்று கேட்டிருந்தாய். உன் மாமாவுக்கு எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகச் சொல்கிற வியாதி. நடந்ததை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி. செப்டம்பரில் நம் காரின் கியர் பெட்டி உயிரை விட்டது உனக்குத் தெரியும். அதே மாதத்தில்தான் உன் தம்பி கெண்ட்ரெலைக் கல்லூரி ஃபுட்பால் அணியின் முதல் பதினொருவரில் சேர்த்தார்கள், முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை களத்தில் நிற்பான், டிவியில் காட்டுவார்கள். இரண்டு வருஷமாக பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. போனில், அம்மா நீ வருவேல்ல, ஒரே ஒரு ஆட்டத்துக்காவது வாம்மா என்றான். வரேண்டா என்று சொல்லிவிட்டேன், எதில் போவேன் என்று சொல்லவில்லை. இதை எதிர்வீட்டு ஓஸல்லா அக்காவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன், அதுதான் நான் செய்தது. ஏண்டி இதுக்குப் போயி அழற, மீனைப் பொரிச்சா தீந்துபோச்சு என்றாள். நம் சபையில் யாருக்கு என்ன வந்தாலும் அதுதானே வழக்கம். டீக்கன் ஹொரேஸுக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் மீன், சபைக் கூரை ஒழுகினாலும் மீன், உன்னைக் கடற்படைக்கு வழியனுப்பியதும் மீன் விற்ற காசில்தான்.

ஒரு சனிக்கிழமை சபை வாசலில் இரும்புச் சட்டியைப் போட்டோம். ஆலையில் எங்களுக்குத் தரும் விலையில் நான்தான் மீன் வாங்கி வந்தேன், நான்தான் சோளமாவில் புரட்டிக் கொடுத்தேன், இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு வரும். ஓஸல்லா அக்கா சட்டியை விட்டு நகரவில்லை. மீன், ஸ்பகெட்டி, முட்டைக்கோஸ், இரண்டு துண்டு ரொட்டி, வெள்ளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்காரர்கள்கூட நெடுஞ்சாலையில் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதற்குக் காரணம் அவள் ரோட்டோரத்தில் நட்டு வைத்த பலகை. பேப்பரில் வந்த கெண்ட்ரெலின் படத்தை, அணிச் சட்டையோடு இருப்பதை, வெட்டி ஒட்டி, நம்ம கெண்ட்ரெல் ஆடறதை அவங்க அம்மா நேர்ல பாக்கணும், மீன் வாங்குங்க என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தாள். எழுத்து கோணல்மாணல்தான், ஆனால் தூரத்திலிருந்தே தெரிந்தது. வந்தவர்களில் யாரோ மீனைத் தின்றுவிட்டு, பலகையையும் படம் பிடித்து, நல்ல மனசோடுதான், இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள். மாலைக்குள் பெட்டி எல்லாம் தீர்ந்துவிட்டது. அக்கா கால் வீங்கிப்போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வண்டியச் சரி பண்ணிட்டுப் போடி, ஆசை தீரக் கத்திட்டு வா என்றாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா.

மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதற்குள் கல்லூரியிலிருந்து ஆள் வந்துவிட்டார். மிஸ்டர் ஹால்ஸ்டெட் என்று பெயர், சின்ன வயசு, டை கட்டியிருந்தார், விளையாட்டுப் பிள்ளைகள் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு உத்தியோகம். மரியாதையான பையன், அதில் குறை சொல்ல மாட்டேன். இனிப்புத் தேநீரும் பவுண்டு கேக்கும் வைத்தேன், ரொம்ப நல்லா இருக்கும்மா என்று இரண்டு துண்டு சாப்பிட்டார். அவர் சாப்பிடலாம், அதற்கு விதி இல்லை. பிறகு பலகையின் படத்தைக் காட்டினார். ஆட்டக்காரனின் பெயரையும் படத்தையும் வைத்து யாரும் எதையும் விற்கக் கூடாதாம், அவன் ஆடுகிறான் என்பதற்காக அவன் குடும்பத்துக்கு யாரும் ஒன்றும் தரக் கூடாதாம், தந்தால் அவன் கூலிக்கு ஆடுகிறவன் ஆகிவிடுவானாம். கல்லூரிக் கடையில் அவன் எண் போட்ட சட்டை மாட்டி வைத்திருக்கிறார்களே ஐயா, அது என்ன என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துபோய், அது எண்தாம்மா, அதுல பேர் இல்ல என்றார். அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, அவரும் யாரோ போடச் சொன்ன டையைக் கட்டிக்கொண்டு வந்தவர்.

அவர் சொன்னது இவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரிந்தே நடந்தது என்றால் கெண்ட்ரெல் இந்த வருஷம் முழுக்க ஆடக் கூடாது, அவனுக்குப் படிப்புச் செலவு கொடுப்பதை அடுத்த வருஷம் தொடர்வார்களா என்பது பயிற்சியாளர் கையில். அம்மாவுக்குத் தெரியாமல் வெளியாள் ஒருத்தி தானாகச் செய்தாள் என்றால் ஒரு ஆட்டம் உட்கார்ந்தால் போதும், விற்ற பணத்தை ஏதாவது தரும காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், அந்த ஆளுக்குக் கல்லூரி ஒரு கடிதம் அனுப்பும், இனி ஸ்டேடியத்துக்குள் விடாது. வெளியாளா, இவன் நாலு வயசிலிருந்து அவள் சமையலறையில் வளர்ந்தவன், நான் இரண்டாம் ஷிப்ட் போன நாளெல்லாம் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டு, குளிப்பாட்டி, பாடம் படிக்க வைத்தவள் அவள்தான் என்றேன். இரத்த சொந்தமாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துக்கு ஒரு தாளை மேசை மேல் வைத்துவிட்டு, நல்லா யோசிச்சு முடிவெடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் சபையில் ஒரே ரகளை. உன் மாமா லூதர் எழுந்து, படிப்பு ஓசி, தங்க இடம் ஓசி, ஷூவரைக்கும் ஓசி, இதுக்கு மேல சம்பளம் வேற வேணுமா, பணத்தைக் காட்டினா பசங்க கெட்டுப் போயிடுவானுங்க என்று பிரசங்கம் செய்தார். டீக்கன் ஹொரேஸ், உக்காருப்பா லூதர், உன் உடம்புல இருக்கிறது யாரு எண் போட்ட சட்டை, கடையில காசு குடுத்துத்தான வாங்கின, அதுல உன் அக்கா மகனுக்கு ஒரு செண்டு போச்சா, அந்தப் பயிற்சியாளர் வீட்டுல நீச்சல் குளம் இருக்கு, அதுவும் ஓசியா என்று கேட்டார். சபையே சிரித்தது. மாமா, அது அணி மேல இருக்கிற அன்புய்யா என்றார். அன்புன்னா சரிதான், அந்த அன்பை நாங்க மீனாப் பொரிச்சா மட்டும் குத்தமாக்கும் என்றார் டீக்கன். பாஸ்டர் டில்மன் விளக்கை அணைத்த பிறகுதான் கலைந்தார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ, மகளே. படிப்பே பெரிய கூலி என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவள்தான், நம் வீட்டில் கல்லூரிக் கதவைத் தாண்டியது அவன் ஒருத்தன். ஆனால் நான் மீன் உரிப்பதை வேலை என்கிறார்கள், அதனால்தான் கை போனால் ஏதோ கொஞ்சமாவது தருவார்கள். நீ கப்பலில் கயிறு இழுத்தாலும் சம்பளம். அவன் தோளும் முழங்காலும் தேய்கிறதை விளையாட்டு என்கிறார்கள், ஸ்டேடியம் நிறைய ஜனம் காசு கொடுத்துப் பார்க்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக்கூடம் மூடிவிட்டால் அவன் அறையில் நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்கிறான். ஆடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுப்பதா வேண்டாமா என்று படித்தவர்கள் டிவியில் பேசட்டும், பேசி முடிக்கட்டும். எனக்கு என்னவோ அலுத்துவிட்டது.

வியாழக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓஸல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடமாட்டேன், பொய்யை எழுதி உன் தலையில் கட்டமாட்டேன் என்று சொல்வதற்காகத்தான் போனேன், இது சத்தியம். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். எனக்குத் தெரியாம அவளாச் செஞ்சான்னு எழுதணும், அவ்வளவுதான, எழுதித் தொலையேன்டி, அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க என்றாள். அக்கா, உன்னை ஸ்டேடியத்துக்குள்ளேயே விடமாட்டார்களாம், காலத்துக்கும் என்றேன். அவளுக்கு வந்ததே சிரிப்பு. நான் எந்தக் காலத்துல டிக்கெட் வாங்கினேன், வெர்லீன், வெள்ளை மாளிகைக்கும்தான் என்னை விடமாட்டான், அதுக்காக நான் தூங்காமலா கெடக்கேன் என்று கண்ணில் தண்ணீர் வர சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, புள்ளைக்கு ஒரு வருஷம் போச்சுன்னா போச்சுடி, அந்தத் தோளு அடுத்த வருஷமும் இப்பிடியே இருக்கும்னு யாரு கண்டா, போடு கையெழுத்து என்றாள். பேனாவையும் அவள்தான் தந்தாள். போட்டுவிட்டேன். கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ, அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

மீன் விற்ற பணம் முழுவதும் கல்லூரி காட்டிய ஒரு அநாதை இல்லத்துக்குப் போனது. கார் கொல்லையில் அப்படியே நிற்கிறது, டயருக்குக் கீழே புல் முளைத்துவிட்டது. உன் தம்பி ஒரு ஆட்டம் உட்கார்ந்தான், அடுத்ததிலிருந்து ஆடினான், நன்றாக ஆடினான், ஆலையின் ஓய்வறையில் நின்றுகொண்டே டிவியில் பார்த்தேன். கையெழுத்து விஷயம் அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று கல்லூரியிலேயே சொல்லியிருந்தார்கள், நானும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கடிதம் வந்தது. அணிக்குக் கட்டிடம் கட்டித் தருகிற பணக்காரர்களை அவர்கள் ஆதரவாளர் என்பார்கள், அந்தப் பெயரையே இவளுக்கும் போட்டு, ஆதரவாளர் ஓஸல்லா பெக்கம் அவர்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். அவள் அதைச் சபைக்கு எடுத்துவந்து, பாத்தீங்களா, எனக்கும் பேங்க் முதலாளிக்கும் ஒரே பட்டம் என்று எல்லோரிடமும் காட்டினாள். ஆனால் அதில் இன்னொரு வரி இருந்தது, நான் கையெழுத்துப் போட்ட தாளில் சின்ன எழுத்தில் இருந்ததும் அதுதான். கெண்ட்ரெல் கல்லூரியில் ஆடுகிற காலம் வரை அவனோடு அவள் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது, நேரிலும் சரி, போனிலும் சரி. சிரிக்கிறதோடு சரி, அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், ஹாலிஸ் பெண்டில் வந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அவன் பஸ்ஸில் வந்தான். இளைத்துப் போயிருக்கிறான், கழுத்து மட்டும் கனத்திருக்கிறது. பையைக் கீழே வைக்கவில்லை, ஓஸல்லா அத்தை எங்கேம்மா, எப்பவும் பஸ் ஸ்டாப்புக்கே வந்துடுமே என்றான். வேலையாக இருப்பாள் என்று சொன்னேன். அத்தைக்கென்று ஊதா நிறத்தில் ஒரு சால்வை வாங்கி வந்திருந்தான், காகிதம் சுற்றி, ரிப்பன் எல்லாம் கட்டி. அதை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான், நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். அவன் படி ஏறியதும் அவள் வீட்டு டிவிச் சத்தம் நின்றது, திரைச்சீலை மூடியது. அத்தை, நான்தான் கெண்ட்ரெல், கதவைத் தொற என்று தட்டினான். இங்கே நம் போன் மணி அடித்தது. எடுத்தால் அவள்தான், குசுகுசுவென்று, வெர்லீன், உன் புள்ளையக் கூப்பிட்டுக்கோடி, வாசல்ல வந்து நிக்கிறான், எவனாவது படம் புடிச்சுடப் போறான் என்றாள். அக்கா, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை, திற என்றேன். அன்னிக்கும்தான் யாரும் இல்லேன்னு நெனச்சோம், அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு, நான் தொறக்கமாட்டேன் என்றாள். பிறகு, ரொம்ப இளைச்சுட்டானாடி, கதவு ஓட்டையில பாத்தா முழுசாத் தெரியல என்று கேட்டாள்.

அவன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி எதை மறைத்து என்ன. கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. சமையலறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் அடுத்த வருஷம் ஆடலேன்னா அத்தை கதவைத் தொறக்குமா என்று கேட்டான். நான் போய் அக்காவிடம் கேட்டேன். ஆடலேன்னா கதவைத் தொறப்பேன், செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் தொறப்பேன்னு சொல்லு என்றாள். சொன்னேன், அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்க்க நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்து அவள் சுடுகிற இனிப்புப் பலகாரம் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தது, யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை, முழுவதையும் ஒருத்தனாகத் தின்றான்.

அவன் நேற்றுக் காலை கிளம்பிப் போனான், போகும்போது சால்வைப் பொட்டலத்தை அவள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனான். அவள் அதை எடுக்கவில்லை. சாயங்காலம் வந்து, அவன் எனக்குக் குடுத்தா அது என்ன கணக்குடி, அதுக்கும் விதி இருக்கா, அந்த டை கட்டின பையன்கிட்டக் கேட்டுச் சொல்லு, அவன் சரின்னா எடுத்துக்கறேன் என்றாள். போன் போட்டேன். அலுவலகம் புது வருஷம் வரைக்கும் மூடியிருக்கிறதாம், உங்கள் செய்தியைச் சொல்லுங்கள் என்று மிஷின் சொல்லியது. ஒரு சால்வை, ஊதா நிறம், விலை எனக்குத் தெரியாது, எடுத்துக்கொள்ளலாமா என்று மிஷினிடம் கேட்டுவிட்டு வைத்தேன். இதை எழுதும்போது வெளியே மழை பெய்கிறது, பொட்டலம் கதவில் நனைந்துகொண்டிருக்கிறது, அவள் உள்ளே இருக்கிறாள், எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சரி, கடிதம் நீண்டுவிட்டது, மணிக்கட்டும் கெஞ்சுகிறது. நீ குளிரில் தலையை மூடிக்கொள், மேல்தளத்தில் ஈரக் காலோடு நிற்காதே, சம்பளத்தில் எனக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு உனக்கென்று கொஞ்சம் வை. தம்பிக்குக் கோபமாக எதுவும் எழுதாதே, அவன் படிக்கட்டும், ஆடட்டும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னைக் கரை சேர்ப்பாராக. ஒன்றே ஒன்று, மறக்காதே, ஓஸல்லா அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பெரிதாகப் போடு. கல்லூரி அனுப்பிய தாளை நான் வாங்கி மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன், அதில் உன் பெயர் இல்லை, நீ எழுதினால் அவள் பயப்படாமல் பிரிக்கலாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
வெர்லீன் கேட்வுட்